68 வயதில் புதுத் தலைவலி: பயாப்ஸி எங்கே எடுக்கலாம்?

தக்கலைப் பக்கம் அம்மாவுக்கு மூன்று வாரமாக வலது நெற்றிப்பொட்டில் கடும் வலி. முன்பு தலைவலியே கிடையாது. சீப்பு பட்டாலே துடிக்கிறார். மரச்சீனிக் கிழங்கு நாலு வாய் மென்றதும் தாடை கடுக்கிறது, நிறுத்தினால் விடுகிறது. சிடி ஸ்கேன் நார்மல்; ஆனால் ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் இஎஸ்ஆர் 92, சிஆர்பியும் அதிகம்.

50 தாண்டியவருக்கு இப்படி வந்தால் ஜயன்ட் செல் ஆர்ட்டரைட்டிஸ் என்ற ரத்தக்குழாய் அழற்சியைச் சந்தேகிக்கணும். சாதாரண சிடியில் அது தெரியாது. விட்டால் கண் போகும். போன பார்வை பெரும்பாலும் திரும்பாது. அதனால் பயாப்ஸிக்குக் (ரத்தக்குழாயில் சிறு துண்டு எடுத்துச் சோதிப்பது) காத்திராமல் டாக்டர் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை 40 மி.கி. தொடங்கிவிட்டார் (சுகர் ஏறும், தினமும் பார்க்கிறோம்). மாத்திரை தொடங்கி இரண்டு வாரத்துக்குள் பயாப்ஸி எடுத்தால் நல்லது.

நெற்றிப்பொட்டு ரத்தக்குழாய் பயாப்ஸி ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜில் எடுப்பார்களா, திருவனந்தபுரம்தான் போகணுமா? நாகர்கோவிலில் ருமட்டாலஜிஸ்ட் (மூட்டு, வாத நோய் டாக்டர்) எந்தக் கிழமை இருப்பார்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். தைலம், ஒற்றடம் யோசனையெல்லாம் தயவுசெய்து வேண்டாம்.