மேயர் மனு: கையெழுத்துப் போடும் முன்

தேன்மொழி: மேயரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று ஒரு மனு வந்திருக்கிறது. எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள்.

கவின்: முன்பு அப்படித்தானே இருந்தது அக்கா?

பெரியப்பா: ஆமாம்பா. 1996, 2001 தேர்தல்களில் மேயருக்குத் தனி ஓட்டு. 2006-இல் கவுன்சிலர்களே தேர்ந்தெடுத்தார்கள். 2011-இல் மறுபடி நேரடி, 2022-இல் மறுபடி கவுன்சிலர்கள்.

தேன்மொழி: கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தால் கட்சி மேலிடம் கைகாட்டும் ஆள்தான் மேயர். நம் ஓட்டில் வந்தவர்தான் நமக்குப் பதில் சொல்வார்.

பெரியப்பா: எதற்கும்மா பதில் சொல்வார்? நிர்வாக அதிகாரம் ஆணையர் கையில். அவரை நியமிப்பது மாநில அரசு. சென்னையை எடுத்துக்கொள். குடிநீரும் கழிவுநீரும் தனி வாரியம், பஸ் தனிக் கழகம், நகரத் திட்டமிடல் சி.எம்.டி.ஏ. என்கிற பெருநகர வளர்ச்சிக் குழுமம். நேரடித் தேர்தல் நடந்த காலத்திலும் இவை மேயரிடம் இல்லை. ஓட்டு முறையை மட்டும் மாற்றினால், ஜெயித்தவரை ஊரே திட்டும், அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

கவின்: நகராட்சி, மாநகராட்சிகளுக்கான 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் இதற்காகத்தானே வந்தது?

பெரியப்பா: 1993 ஜூன் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அரசியல் சட்டத்தின் 12-ஆம் அட்டவணையில் நகர அமைப்புகளுக்கான 18 பணிகள், தீயணைப்பு உட்பட. ஆனால் அவற்றில் எதைக் கொடுப்பது என்பதை மாநிலச் சட்டமன்றங்களிடமே விட்டுவிட்டார்கள். மேயர் தேர்வு முறையும் அப்படித்தான்.

சித்தி: எல்லா அதிகாரத்தையும் ஒரே ஆளிடம் கொடுத்தால் அவர் வைத்ததுதான் சட்டம் என்று ஆகாதா?

கவின்: பிரிட்டனில் இரண்டு விதமாகவும் நடந்திருக்கிறது சித்தி. லண்டனில் 2000 முதல் நேரடி மேயர். போக்குவரத்து அமைப்பே அவர் கீழ். 2003-இல் நகர மையத்துக்குள் வரும் கார்களுக்கு நெரிசல் கட்டணம் போட்டார், 2004-இல் அவரே மறுபடி ஜெயித்தார். பிரிஸ்டலில் 2012 வாக்கெடுப்பில் நேரடி மேயர் வேண்டும் என்றார்கள். 2022-இல் வேண்டாம் என்று வாக்களித்து, கவுன்சிலர் குழுக்களே முடிவெடுக்கும் முறைக்குப் போய்விட்டார்கள்.

சித்தி: அதைத்தான் நானும் சொல்கிறேன்.

பெரியப்பா: நியாயமான பயம்தான். லண்டனில் 25 பேர் கொண்ட மன்றம் இருக்கிறது. மூன்றில் இரண்டு பங்கு பேர் சேர்ந்தால் மேயரின் பட்ஜெட்டையே திருத்தலாம். மேயர் பலமாக இருந்தால் மன்றமும் பலமாக இருக்க வேண்டும்.

தேன்மொழி: அப்போது கையெழுத்து வேண்டாம் என்கிறீர்களா?

பெரியப்பா: வேண்டும். நேரடித் தேர்தலை நான் ஆதரிக்கிறேன். ஆனால் மனு பாதியில் நிற்கிறது. அப்புறம் இன்னொன்று. 2016 அக்டோபரிலிருந்து 2022 வரை சென்னைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லை, அரசு நியமித்த தனி அலுவலர்தான். பதவிக்காலம் முடியும் முன்பே தேர்தல் நடத்த வேண்டும் என்று அரசியல் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. ஐந்து வருஷத்துக்கு மேல் கவுன்சிலரே இல்லாமல் ஒரு மாநகரம்! அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

சித்தி: வார்டு குழு, வார்டுக்குள் அந்தந்தப் பகுதி மக்கள் கூடும் ஏரியா சபை எல்லாவற்றுக்கும் 2022-இல் விதி போட்டார்களே. அதையும் சேர். மேயர் எங்கேயோ இருப்பார், சபையில்தான் நாம் எழுந்து கேள்வி கேட்க முடியும்.

தேன்மொழி: சரி. மனு எழுதியவரிடம் பேசினேன், திருத்தலாம் என்கிறார். ஆணையர் மன்றத்துக்குக் கட்டுப்பட வேண்டும், குடிநீரும் திட்டமிடலும் மாநகராட்சிக்கு வர வேண்டும், அதற்கான நிதியும் கூடவே வர வேண்டும், தேர்தல் தள்ளிப்போகக் கூடாது, ஏரியா சபை முறையாகக் கூட வேண்டும். இவ்வளவும் போடட்டுமா?

பெரியப்பா: போடும்மா. தேர்தல் தேதியை முதலில் வை. அனுப்பு, கையெழுத்துப் போடுகிறேன்.