ஆண்டிஸ் மலைச்சரிவில் திராட்சை அறுவடை: பார்த்தவர்கள் பகிருங்கள்

நானே ஆரம்பிக்கிறேன். அர்ஜென்டினாவின் மென்டோசா மாகாணத்தில், ஊகோ பள்ளத்தாக்கில் ஒரு சின்ன ஒயின் ஆலையில் அறுவடைக் காலம் முழுக்க வேலை பார்த்தேன். இடத்தின் பெயர் குவால்தயாரி. தோட்டம் கிட்டத்தட்ட 1,400 மீட்டர் உயரத்தில் இருந்தது. மேற்கே திரும்பினால் 6,570 மீட்டர் உயரத் துபுங்காத்தோ எரிமலை, அங்கே கோடை முடியும் மார்ச் மாதத்திலும் தலையில் பனியோடு நிற்கும்.

முதல் வாரமே ஒரு பாடம். சர்க்கரை அளக்கும் கருவியில் இரண்டு சொட்டுச் சாறு விட்டுப் பார்த்தேன். 24 பிரிக்ஸ் காட்டியது, அதாவது சாற்றின் எடையில் ஏறத்தாழ 24 சதவீதம் சர்க்கரை. "வெட்டலாம், பழுத்துவிட்டது" என்றேன். ஒயின் தயாரிப்புக்குப் பொறுப்பான அம்மா பதில் பேசவில்லை. கொத்தின் அடியிலிருந்து ஒரு பழத்தைக் கிள்ளி என் கையில் கொடுத்து, மென்று விதையை உள்ளங்கையில் துப்பச் சொன்னார். விதையின் ஓரம் பச்சையாகவே இருந்தது. கடித்தால் நாக்கெல்லாம் துவர்ப்பு. "கருவிக்குச் சர்க்கரை மட்டும்தான் தெரியும். விதை பழுப்பாகட்டும்" என்றார்.

ஒன்பது நாள் காத்திருந்தோம். காத்திருந்தால் புளிப்பு போய்விடாதா என்று எனக்கு உள்ளூரப் பயம். சூடான இடங்களில் அப்படித்தான் நடக்கும். இரவும் வெக்கையாக இருந்தால் பழம் தன்னுள் இருக்கும் மாலிக் அமிலத்தை எரித்துத் தீர்த்துவிடும். இங்கே பகலில் 28, 29 டிகிரி அடிக்கும், விடியற்காலையில் ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே வர முடியாது. அந்தக் குளிர்தான் புளிப்புக்குக் காவல். ஒன்பதாம் நாள் விதை வறுத்த தானியம் மாதிரி நறுக்கென்று உடைந்தது, சாற்றில் புளிப்பும் அப்படியே இருந்தது. உயரம் கூடினால் புற ஊதாக் கதிரும் கூடும். அதைத் தாங்கத்தான் தோல் தடிக்கிறது. மால்பெக் என்ற கறுப்புத் திராட்சை வகையின் அந்தக் கருநீல நிறம் தோலிலிருந்துதான் வருகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வரிசைகளுக்கு நடுவே ஆள் உயரத்துக்குக் குழி வெட்டி வைத்திருந்தார்கள். இறங்கிப் பார்த்தேன். ஒரு பக்கம் கூழாங்கற்கள், அடியெல்லாம் சுண்ணாம்பு பூசிய மாதிரி வெள்ளை, அவற்றைச் சுற்றி மயிரிழை வேர்கள். இருபது அடி தள்ளி இன்னொரு குழியில் வெறும் மணல்தான். மண் மாறினால் பழம் பழுக்கும் நாளும் மாறும். அதனால் ஒரே வரிசையையே இரண்டு வெவ்வேறு நாளில் வெட்டினோம். தனித்தனியாகச் சின்ன கான்கிரீட் தொட்டிகளில் நொதிக்க விட்டார்கள். எனக்கு மிகவும் பிடித்தது அந்தப் பொறுமைதான்.

* * *

அக்கா, நீங்கள் சொன்ன பொறுமைக்கு நாங்கள் கொடுத்த விலையைச் சொல்கிறேன். அதே பள்ளத்தாக்கு, கொஞ்சம் தெற்கே சான் கார்லோஸ் பக்கம். ஆலையின் பெயர் வேண்டாம். தோட்டத்தில் பாதி வரிசைகளுக்குத்தான் ஆலங்கட்டி வலை போட்டிருந்தார்கள். வலை இல்லாத பாத்தியில் விதை பழுக்கட்டும் என்று காத்திருந்தோம்.

மாலை நாலு மணி இருக்கும். மலைப்பக்கம் மேகம் கறுத்தது. தகரக் கூரையில் முதல் கல் விழுந்ததும் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். பத்து நிமிடம்கூட அடித்திருக்காது. வெளியே போனபோது இலையெல்லாம் கந்தல், வரிசை முழுக்க ஜாம் கொதிக்கிற வாசனை. வெடித்த பழத்தின் வாசனை அது. அழகாக இருந்ததுதான் இன்னும் வலித்தது.

வெடித்த பழம் சீக்கிரம் அழுகும். மறுநாள் விடிவதற்குள் தலையில் விளக்கு கட்டிக்கொண்டு வெட்டினோம். அங்கே 20 கிலோ தொட்டி ஒன்றுக்கு ஒரு வில்லை கொடுப்பார்கள், வார முடிவில் வில்லையை எண்ணிக் கூலி. அன்றைக்கு நல்ல பழமாகப் பொறுக்கித் தொட்டியை நிரப்ப வழக்கத்தைவிட மூன்று மடங்கு நேரம் ஆனது. வில்லை கணக்கில் கொடுத்தால் அது அநியாயம் என்று மேஸ்திரி போய்ச் சண்டை போட்டு நாள் கூலி வாங்கித் தந்தார். அந்த மனிதரை மறக்கவே மாட்டேன்.

* * *

நான் அறுவடைக்குப் போகவில்லை, தண்ணீர் பார்க்கப் போனவன். மென்டோசாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 200 மில்லிமீட்டர் மழைதான். திராட்சை முழுக்க ஆண்டிஸின் பனி உருகி வரும் தண்ணீரில்தான் வாழ்கிறது. கீழே உள்ள பழைய தோட்டங்களுக்கு வாய்க்கால் பாசனம். உவார்ப்பே பழங்குடிகள் காலத்திலேயே தொடங்கிய வாய்க்கால்கள் அவை. 1884-ல் போட்ட தண்ணீர்ச் சட்டப்படி உரிமை நிலத்தோடு சேர்ந்தது. முறைத் தண்ணீர் ராத்திரி இரண்டு மணிக்கு வந்தாலும் மண்வெட்டியோடு மதகடியில் நிற்க வேண்டும். நானும் ஒரு ராத்திரி நின்றேன், கால் விறைத்துப்போனது.

அக்கா இருந்த உயரத்துக்கு இந்த வாய்க்கால் எட்டாது. ஆழ்துளைக் கிணறும் சொட்டு நீரும் வந்த பிறகுதான் 1990களில் அங்கே பெரிய அளவில் கொடி ஏறியது.

* * *

சான் கார்லோஸ் தம்பி, உங்கள் ஆலங்கட்டிப் பதிவைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. எங்கள் பாத்தியிலும் வலை கிடையாது. அந்த ஒன்பது நாளில் இரண்டு மாலை மேகம் கறுத்தது. நாங்கள் எல்லோரும் உள்ளே சாப்பிட உட்கார்ந்திருந்தோம். அந்த அம்மா மட்டும் தட்டைத் தொடாமல் வாசலில் மேற்கே பார்த்து நின்றுகொண்டே இருந்தார். மலையை ரசிக்கிறார் என்று நினைத்துவிட்டேன்.