லுபைனா ஹிமிட்: பழைய தட்டில் வரைந்தது ஏன்?

நீலமை (கேள்வி):
ஓவியக் கல்லூரியில் படிக்கிறேன். பிரிட்டிஷ் ஓவியர் லுபைனா ஹிமிடின் ‘ஸ்வாலோ ஹார்ட்’ (2007) என்ற படைப்பு குறித்து ஓர் ஐயம். பழைய பீங்கான் தட்டு, கூஜா, மூடியுள்ள கிண்ணம் என 100 பாத்திரங்களை வாங்கி அவற்றின் மேல் வரைந்திருக்கிறார். கித்தானை விட்டு, ஏற்கெனவே பூவேலை உள்ள தட்டை எடுத்ததால் கூடுதலாக என்ன கிடைத்தது? அவரைக் கண்காட்சித் தொகுப்பாளர் என்றும் எழுதுகிறார்கள். அது தனி வேலையா?

தாளடி:
பழைய பூவேலையை அவர் முழுவதும் மறைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். விளிம்பில் நீலக் கரையும் கொடியும் அப்படியே இருக்க, நடுவில் ஒரு கறுப்பின மனிதரின் முகம் எழுகிறது. வேறு சில பாத்திரங்களில் அக்காலச் சீமான்கள் வாந்தியெடுக்கிறார்கள். லங்காஸ்டர் நகரம் 18ஆம் நூற்றாண்டில் பிரிட்டனின் பெரிய அடிமை வணிகத் துறைமுகங்களுள் ஒன்று. அவ்வணிகத்தைத் தடைசெய்த 1807ஆம் ஆண்டுச் சட்டத்தின் இருநூறாவது ஆண்டில், அந்த ஊரின் ஜட்ஜஸ் லாட்ஜிங்ஸ் அருங்காட்சியகத்திலேயே இப்பாத்திரங்கள் வைக்கப்பட்டன. அந்த வணிகத்தின் காசில் வாழ்ந்த வீடுகளிலும் இத்தகைய தட்டுகளில்தான் உணவு பரிமாறியிருப்பார்கள். கித்தானுக்கு அந்தப் பழக்கம் இல்லை.

வடக்குவாசல்:
தாளடி சொன்னதை ஏற்கிறேன். ஆனால் கேள்வியின் பின்பாதியே எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1985இல் லண்டனின் ஐ.சி.ஏ. என்ற தற்காலக் கலைக்கூடத்தில் ஹிமிட் தொகுத்த ‘தி தின் பிளாக் லைன்’ (மெல்லிய கறுப்புக் கோடு) கண்காட்சியில், சுதபா பிஸ்வாஸ், சோனியா பாய்ஸ், வெரோனிகா ரயன் உள்ளிட்ட 11 கறுப்பின, ஆசியப் பெண் கலைஞர்களின் படைப்புகள் இடம்பெற்றன. அவர்களுக்குக் கிடைத்தது பெரிய கூடம் அன்று, கட்டடத்துக்குள் இருந்த ஒரு நடைபாதையின் சுவர். பெயரே அதைக் குத்திக்காட்டுகிறது. பிரிட்டனின் பெயர்பெற்ற கலைப் பரிசான டர்னர் பரிசை ஹிமிட் 2017இலும் ரயன் 2022இலும் பெற்றார்கள். பரிசு பெற்றபோது ஹிமிடுக்கு வயது 63. யாருக்கு எந்தச் சுவர் என்று கேட்பதும், யாருடைய முகம் தட்டில் வரவேண்டும் என்று முடிவெடுப்பதும் அவரிடத்தில் ஒரே வேலைதான்.

தாளடி:
அப்படியானால் ‘நேமிங் தி மணி’யையும் (2004) சேர்த்துப் பார்க்க வேண்டும். ஐரோப்பிய அரண்மனைகளில் ஊழியம் செய்த ஆப்பிரிக்கர்களை, மேளக்காரர், செருப்புத் தைப்பவர், நாய் பழக்குபவர் என ஆளுயர மரப்பலகை உருவங்களாக வெட்டி, 100 பேரை நிறுத்தியிருக்கிறார். அரங்க வடிவமைப்பு படித்தவர் என்பது அங்கே தெரிகிறது: பார்வையாளர் அவர்களுக்கு நடுவே நடந்து போகலாம். ஒவ்வோர் உருவத்தின் முதுகிலும் ஒரு கணக்குத் தாள் ஒட்டப்பட்டிருக்கும். அதில் அவருடைய உண்மைப் பெயர், எசமானர் வைத்த பெயர், முன்பு செய்த தொழில், இப்போது செய்யும் வேலை, இவற்றுக்குப் பிறகும் அவரிடம் மிஞ்சியிருப்பது என ஐந்து வரிகள் இருக்கும். ‘கார்டியன்’ நாளிதழ்ப் பக்கங்கள் மேல் வரைந்த தொடரும் உண்டு. என் ரசனைக்கு அது இவ்வளவு ஆழமாக இறங்கவில்லை.

நீலமை:
இருவருக்கும் நன்றி. எங்கள் வகுப்பில் அந்த உருவங்களின் படங்களைக் காட்டினார்கள். எல்லாமே முன்பக்கத்திலிருந்து எடுத்தவை.