ராக்கி லினக்ஸ் 8 இன்ஸ்டாலரில் டிஸ்க் தெரியவில்லை: பெர்க் எச்200 கார்டு

கேள்வி

வணக்கம். டெல் பவர்எட்ஜ் ஆர்410 சர்வர், பெர்க் எச்200 கார்டு (டிஸ்க்குகளை இணைக்கும் ரெய்டு கார்டு), 2 சாஸ் டிஸ்க் ரெய்டு 1-ல் (ஒரே தரவு இரண்டிலும்). சென்ட்ஓஎஸ் 7 சிக்கலில்லாமல் ஓடியது. 2024 ஜூன் 30-உடன் அதற்கு அப்டேட் நின்றுவிட்டதால் ராக்கி 8.10 போடுகிறேன். டிஸ்க் தேர்வுத் திரையில் பென்டிரைவ் மட்டும்தான் வருகிறது. பூட் ஆகும்போது கன்ட்ரோல்-சி அழுத்தி கார்டின் மெனுவில் பார்த்தால் வால்யூம் நலமாக இருக்கிறது. கார்டின் டிரைவரான எம்பிடி3சாஸ் மாட்யூலை மோட்ப்ரோப் கட்டளையால் ஏற்றினால் பிழை எதுவும் இல்லை, டிஸ்க்கும் இல்லை. கார்டை ஐடி ஃபர்ம்வேருக்கு (ரெய்டு இல்லாமல் டிஸ்க்குகளை நேரடியாகக் காட்டுவது) மாற்றினால் வருமா?

பதில் 1

ஃபர்ம்வேரைத் தொடாதீர்கள். மாற்றினால் ரெய்டு வால்யூம் போய்விடும், பிரச்சினை அப்படியே இருக்கும். உங்கள் கார்டில் உள்ள சாஸ்2008 சிப் இப்போதைய ரெய்டு ஃபர்ம்வேரில் ஓடினாலும் ஐடி ஃபர்ம்வேரில் ஓடினாலும் அதன் பிசிஐ எண் (கார்டை டிரைவர் அடையாளம் காணும் எண்) 1000:0072தான். ராக்கிக்கு மூலமான ரெட் ஹாட் லினக்ஸின் 8-ஆம் பதிப்பில் அந்த எண்ணைத்தான் டிரைவரின் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். மாட்யூல் ஏறும், ஆனால் உங்கள் கார்டைத் தன்னுடையதென்று அதற்குத் தெரியாது. அதனால்தான் பிழைச் செய்திகூட வரவில்லை. மூல லினக்ஸ் கெர்னலில் இந்த ஆதரவு அப்படியே இருக்கிறது, டெபியன் 12 போட்டால் டிஸ்க் உடனே தெரியும்.

உறுதி செய்துகொள்ள: இன்ஸ்டாலரில் கன்ட்ரோல்-ஆல்ட்-எஃப்1, பிறகு கன்ட்ரோல்-பி அழுத்திவிட்டு 2 அழுத்தினால் ஷெல். அங்கே எல்எஸ்பிசிஐ கட்டளையை -என்என்கே என்ற விருப்பத்தோடு ஓட்டுங்கள். சாஸ்2008 வரியின் கீழே எந்த டிரைவர் பயன்பாட்டில் இருக்கிறது என்ற வரி இல்லாவிட்டால் இதுதான் காரணம். கன்ட்ரோல்-ஆல்ட்-எஃப்6 பழைய திரைக்குக் கொண்டுவரும்.

எச்310 (1000:0073), எச்700 (1000:0079) வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான். அங்கே மாட்யூல் மெகாரெய்டு_சாஸ்.

பதில் 2

ராக்கியிலேயே இருக்க வேண்டுமென்றால் எல்ரெப்போ தளத்தின் (ரெட் ஹாட் வகை லினக்ஸ்களுக்குக் கூடுதல் டிரைவர் தருவது) டிரைவர் டிஸ்க்தான் வழி. அவர்களின் டியுடி அடைவில் இஎல்8-க்குள் டிடி-எம்பிடி3சாஸ் என்று தொடங்கும் ஐஎஸ்ஓ கோப்புகள் இருக்கும். பெயரில் இஎல்8_10 என்று உள்ளதை எடுங்கள். அதை இரண்டாவது பென்டிரைவில் டிடி கட்டளையால் எழுதுங்கள், பார்ட்டிஷனுக்கு அல்ல, முழு டிரைவுக்கு.

இரண்டு பென்டிரைவையும் செருகி பூட் செய்து, மெனுவில் இன்ஸ்டால் வரியில் நின்று டேப் அழுத்துங்கள் (யுஇஎஃப்ஐ என்றால் இ). கெர்னல் வரியின் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு இன்ஸ்ட்.டிடி என்று சேர்த்து என்டர், யுஇஎஃப்ஐயில் கன்ட்ரோல்-எக்ஸ். வரும் பட்டியலில் பென்டிரைவின் எண்ணைக் கொடுங்கள், அடுத்து டிரைவரின் எண், பிறகு சி. மறுபடி முதல் பட்டியலே வரும், அங்கேயும் சி. இன்ஸ்டால் முடியும்போது அதே ஆர்பிஎம் புதிய சிஸ்டத்திலும் ஏறிவிடும், தனியாக எதுவும் செய்ய வேண்டாம்.

கேள்வி கேட்டவர்

செய்து பார்த்தேன். பட்டியலில் டிரைவர் வந்தது, தேர்வும் செய்தேன். டிஸ்க் இன்னும் இல்லை. என் கோப்பின் பெயரில் இஎல்8_9 என்று இருக்கிறது. அதுவா காரணம்?

பதில் 3

அதுவேதான். ஒவ்வொரு சிறு பதிப்பிலும் கெர்னலின் உள் இடைமுகம் மாற வாய்ப்புண்டு, 8.9-க்குக் கட்டிய மாட்யூல் 8.10 கெர்னலில் ஏறும் என்று நம்ப முடியாது. டிமெசெக் கட்டளையில் கெர்னல் செய்திகளைப் பார்த்தால் சிம்பல் பற்றிய புகார் இருக்கும். இஎல்8_10 கோப்பை எழுதி மறுபடி பூட் செய்யுங்கள்.

இதே சிக்கல் பின்னாலும் வரும் என்பதால், சிஸ்டம் எழுந்தவுடன் எல்ரெப்போ ரெப்போவைச் சேர்த்துவிடுங்கள், அப்போதுதான் கெர்னலோடு கேமோடும் (எல்ரெப்போ தரும் டிரைவர் ஆர்பிஎம்) புதுப்பிக்கப்படும். அப்டேட்டுக்குப் பிறகு ரீபூட் செய்வதற்கு முன், எல்எஸ்இனிட்ஆர்டி ஓட்டி புதிய இனிட்ராம்எஃப்எஸ் கோப்புக்குள் (பூட்டின் தொடக்கத்தில் டிரைவர்களைத் தருவது) எம்பிடி3சாஸ் கேமோடிலிருந்து வந்திருக்கிறதா என்று பாருங்கள்: பாதை வீக்-அப்டேட்ஸ் அல்லது எக்ஸ்ட்ரா அடைவில் இருக்க வேண்டும். கெர்னலின் சொந்த அடைவில் உள்ளது மட்டும் இருந்தால், டிஸ்க் கிடைக்காமல் பூட் டிராகட் அவசர ஷெல்லில் போய் நிற்கும். பழைய கெர்னல் ஒன்றை எப்போதும் விட்டுவையுங்கள்.

உங்கள் ஆர்410-க்குப் பொருந்தாது, ஆனால் செக்யூர் பூட் (கையொப்பமில்லாத மென்பொருளைத் தடுக்கும் வசதி) உள்ள புதிய மெஷினில் இந்தக் கார்டைச் செருகியவர்கள் இன்ஸ்டாலுக்கு முன் செக்யூர் பூட்டை அணைக்க வேண்டும், அல்லது எல்ரெப்போவின் சாவியை மோக்யுட்டில் கட்டளை வழியாகச் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் கெர்னல் மாட்யூலை ஏற்காது.

பதில் 4

ராக்கிதான் வேண்டும் என்ற கட்டாயம் இல்லையென்றால் அல்மாலினக்ஸ் 9.4 அல்லது அதற்குப் பிந்தைய 9 வரிசை. ரெட் ஹாட் கைவிட்ட பல பழைய கண்ட்ரோலர் எண்களை 9.4-லிருந்து அவர்களே கெர்னலில் திரும்பச் சேர்த்துவிட்டார்கள், எம்பிடி3சாஸ், மெகாரெய்டு_சாஸ் இரண்டிலும். டிரைவர் டிஸ்க்கும் வேண்டாம், ஒவ்வொரு அப்டேட்டிலும் பயமும் வேண்டாம். ஆர்410-ல் உள்ள ஜியான் 5500, 5600 வரிசை 9-க்குத் தேவையான எக்ஸ்86-64-வி2 தகுதி (குறைந்தபட்ச பிராசஸர் தரம்) கொண்டவை. உற்பத்தியில் ஓடும் சர்வர் என்றால் என் ஓட்டு இதற்குத்தான்.