மெய்யியலும் சமயமும் படித்ததில் எனக்குக் கிடைத்தது

உயர்தரத்தில் இந்து நாகரிகம் எடுத்துவிட்டு, கம்பஸில் மெய்யியலும் சமயமும் படிக்கப் போகிறேன் என்றதும் வெள்ளவத்தையில் சொந்தக்காரர் எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: "இதைப் படிச்சு என்ன வேலை எடுப்பாய்?" வேலை கிடைத்தது. ஆனால் நான் சொல்ல வந்தது அதை அல்ல.

எங்கள் விரிவுரையாளர் ஒருவர் ஒரு விதி வைத்திருந்தார். சொந்தச் சமயத்தைப் பற்றி யாரும் கதைக்க முடியாது. பக்கத்தில் இருப்பவரின் சமயம் சொல்வதை, அவர் "ஓம், சரி" என்று தலையாட்டும்வரை எடுத்துச் சொல்ல வேண்டும். கேள்வி, மறுப்பு எல்லாம் அப்புறம்தான். 13ஆம் நூற்றாண்டுச் சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில், பிறர் கொள்கைகளை எடுத்து மறுக்கும் பரபக்கம் என்ற பகுதியும் இப்படித்தான் போகும். உலகாயதர் (கண்ணால் காணும் உலகம் மட்டுமே உண்மை என்பவர்கள்), பௌத்தர், சமணர் என்று ஒவ்வொருவர் வாதத்தையும் முதலில் வைத்துவிட்டே மறுப்பில் இறங்கும்.

அக்கரைப்பற்றிலிருந்து வந்த முஸ்லிம் தோழிக்கு, நிலையான ஆன்மா என்று ஒன்று இல்லை என்னும் பௌத்தரின் அனாத்மவாதம் பங்காக வந்தது. எதிரே இருந்தவர் ஒரு பிக்கு. "ஆன்மாவே இல்லையென்றால் மறுபிறப்பு யாருக்கு?" என்று தொடங்கினாள். "அது உங்கள் கேள்வி. நாங்கள் சொல்வதை முதலில் சொல்லுங்கள்" என்றார் அவர். அடுத்த வகுப்புக்கு மிலிந்தன் என்ற அரசனும் நாகசேனர் என்ற பிக்குவும் பேசும் பழைய பௌத்த நூலின் பகுதியை வாசித்துவிட்டு வந்தாள். ஒரு விளக்கில் இன்னொரு விளக்கை ஏற்றினால் முதல் விளக்கிலிருந்து எதுவும் பெயர்ந்து போவதில்லை, ஆனாலும் அது இல்லாமல் இது எரியவில்லை, பிறவியும் அப்படித்தான் தொடர்கிறது என்று விளக்கினாள். பிக்கு தலையாட்டினார். அவள் ஈமானிலிருந்து ஓர் அங்குலமும் நகரவில்லை. பிறகு வைத்த மறுப்பும் நல்ல உறைப்பான மறுப்பு.

2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு இந்தப் பழக்கம் வீட்டுக்குள் தேவைப்பட்டது. என் மாமா சைவர்தான், ஆனால் செவ்வாய்க்கிழமை தவறாமல் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கு மெழுகுதிரி கொளுத்தப் போவார். குண்டு வெடித்தது அங்கே. "அவங்கள் எல்லாரும் ஒண்டுதான்" என்று முஸ்லிம்களைப் பற்றிக் கத்தினார். அந்த நேரத்தில் அளவையியல் (தர்க்கம்) பாடம் எடுத்தால் யார் கேட்பார்? "மாமா, உங்களுக்கு என்ன பயம்?" என்று கேட்டேன். நெடுநேரம் கதைத்தார். அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லி "இதுதானே?" என்றேன். "ஓம்" என்றார். அதன் பிறகுதான், தமிழர் எங்களையும் ஒரு காலம் "எல்லாரும் ஒண்டுதான்" என்ற அதே சொல்லோடு சோதனைச் சாவடிகளில் இறக்கி நிறுத்தியதை ஞாபகப்படுத்தினேன். அவர் உடனே மாறிவிட்டார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பேச்சு மறுபடி அவர் வாயில் வரவில்லை.

உயர்தரத்தில் அவரவர் சமயத்து நாகரிகப் பாடத்தை எடுப்பதுதான் எங்கள் வழக்கம். கம்பஸிலும் அதையே தொடர நினைக்கும் தம்பி தங்கச்சிமார், ஒரு பாடமாவது அடுத்தவர் சமயத்தில் எடுங்கள். புள்ளி குறையும் என்று பயப்பட வேண்டாம், விளங்காததைக் கேட்க வகுப்பிலேயே ஆள் இருக்கும்.