படங்கள் நிறைந்த 48 பக்கப் புத்தகம், 30 பிரதி: குறைந்த செலவில் அச்சடிக்க வழி உண்டா?

சனிக்கிழமை டீச்சர் (சாட்ஸ்வர்த், டர்பன்):
எல்லோருக்கும் வணக்கம். கோயில் மண்டபத்தில் வாரந்தோறும் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன். பாட்டிமார்கூட ஆங்கிலம் பேசுகிற வீடுகள், அதனால் படம் இல்லாமல் ஒரு சொல்லும் அவர்கள் மனதில் நிற்பதில்லை. மூன்று மாதம் உட்கார்ந்து அம்மா, ஆடு என்று தொடங்கி 48 பக்கத்துக்கு நாங்களே வரைந்து முடித்தோம். எல்லாம் ஏ4, பக்கம் முழுக்க வண்ணம். ஜனவரியில் வகுப்பு தொடங்குமுன் 30 பிரதி வேண்டும். கடையில் விசாரித்தால் வண்ணத்துக்குக் கறுப்பு வெள்ளையைப் போல் ஆறு மடங்கு. 1,440 பக்கத்துக்குப் பெருக்கிப் பார்த்துவிட்டுப் பேசாமல் திரும்பி வந்தேன். வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் போட்டால் ஒரு பிரதி முடிவதற்குள் மை தீர்ந்துவிடுகிறது.

அச்சுக்கடைத் தம்பி (பீனிக்ஸ்):
அக்கா, வீட்டு மெஷினை விட்டுவிடுங்கள். மை அடைத்த கார்ட்ரிட்ஜ் இத்தனை பக்கம் வரும் என்று பெட்டியில் போடுவது, ஒவ்வொரு நிறமும் தாளில் 5 சதவீதம் மட்டும் விழும் என்கிற கணக்கில். உங்கள் பக்கமோ முழுக்க நிறம்.

கடையில் பெரும்பாலும் தாளின் ஒரு முகத்துக்கு இவ்வளவு என்றுதான் விலை, மை எவ்வளவு போனாலும் அதேதான். அப்படியானால் ஏ5 புத்தகமாக மடித்துப் போடுங்கள், ஒரு ஏ4 தாளில் நாலு பக்கம் அடங்கும். 48 பக்கத்துக்கு 12 தாள், 24 முகம். 1,440 அங்கேயே 720 ஆகிவிடும்.

அடுத்து, எல்லாப் பக்கத்துக்கும் வண்ணம் வேண்டுமா? இதைத்தான் நிதானமாக உட்கார்ந்து பார்க்கச் சொல்வேன். மடிக்கிற புத்தகத்தில் ஒரே முகத்தில் வரும் இரண்டு பக்க எண்ணையும் கூட்டினால் 49 வரும்: 1-ம் 48-ம் ஜோடி, 2-ம் 47-ம் ஜோடி. நடு மூன்று தாளில் 19 முதல் 30 வரை விழும். நிறம் கட்டாயம் வேண்டிய படங்களை (பழம், பூ, நிறங்களின் பெயர்) அந்த 12 பக்கத்துக்குள் கொண்டுவாருங்கள். அட்டையாக வரும் வெளித் தாளையும் சேர்த்தால் வண்ணத்துக்கு நாலே தாள், எட்டே முகம். மிச்சத்தைக் கோப்பிலேயே கிரேஸ்கேல் (கறுப்பு, வெள்ளை, சாம்பல் மட்டும்) ஆக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் பக்க எண் மட்டும் நீலமாக இருந்தாலும் மெஷின் அதை வண்ணப் பக்கமாக எண்ணிவிடும், கடைக்காரரும் அந்தக் கணக்குப்படிதான் கேட்பார்.

இன்னொரு டீச்சர் (மெரேபேங்க்):
தம்பி சொன்னது சரி. ஆனால் ஏ4-ஐ ஏ5 ஆக்கினால் எழுத்து 71 சதவீதமாகச் சுருங்கும், 14 புள்ளி அளவு எழுத்து 10 புள்ளி அளவாகிவிடும். ஆறு வயதுப் பிள்ளைக்கு ன, ண வித்தியாசம் அப்புறம் எப்படித் தெரியும்? முதலில் எழுத்தைப் பெரிதாக்குங்கள். எழுதிப் பழகும் பக்கங்கள் இருந்தால் அவற்றை ஏ4-லேயே கறுப்பு வெள்ளையில் தனியாகக் கொடுங்கள். கோப்பை வேர்டாகக் கொடுக்காதீர்கள், எழுத்துருவும் (ஃபாண்ட்) உள்ளேயே பதிந்த பிடிஎஃப்பாக மட்டும் கொடுங்கள். எங்களுக்கு ஒருமுறை கொம்பும் காலும் தனித்தனியாகப் பிரிந்து வந்து, அடித்த தாள் அத்தனையும் வீணானது.

வருடாவருடம் அடிப்பதாக இருந்தால் இங்க் டேங்க் பிரிண்டர் யோசிக்கலாம், பாட்டிலில் மை ஊற்றுகிற வகை. மெஷின் விலை அதிகம், பக்கச் செலவு மிகக் குறைவு. 80 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைக் குறிக்கும் அளவு) தாளில் நிறையப் படம் போட்டால் தாள் நெளியும், 100 வாங்குங்கள்.

சனிக்கிழமை டீச்சர்:
ரொம்ப நன்றி. நேற்று இரவு பக்கங்களைத் தரையில் பரப்பிப் பிரித்துப் பார்த்தோம். குரங்குப் பக்கத்துக்கு வண்ணமே தேவைப்படவில்லை, எங்கள் கூரையில் ஓடுகிற குரங்குக்குக் கறுப்பு முகம், சாம்பல் உடம்புதானே. எல்லாப் பக்கத்திலும் போட்டிருந்த மஞ்சள் பின்னணியையும் எடுத்துவிட்டோம், எழுத்து இப்போதுதான் பளிச்சென்று தெரிகிறது. மாம்பழமும் மயிலும் நடுத்தாளுக்குப் போய்விட்டன. அகர வரிசை கொஞ்சம் கலைகிறது, அதனால் வண்ணப் படங்களை நடுவில் தனிப் பகுதியாக வைக்கிறேன். திங்கட்கிழமை ஒரே ஒரு பிரதி அடித்து, மடித்துப் பார்த்துவிட்டு மிச்சம் 29-க்குச் சொல்லப் போகிறேன்.