கேப்னோகிராஃபில் 24, ஏபிஜியில் 53: எதை நம்புவது?

இரவுப்பணி:
அவசரம். வெண்டிலேட்டரில் இருக்கும் பச்சிளங்குழந்தை. கேப்னோகிராஃப் மானிட்டரில் எண்ட்-டைடல் (மூச்சு விட்டு முடிக்கும்போது வரும் காற்றின் கார்பன் டை ஆக்சைடு) 24 காட்டுகிறது, இப்போது வந்த ஏபிஜியில் (தமனி ரத்தப் பரிசோதனை) கார்பன் டை ஆக்சைடு 53. வெண்டிலேட்டர் ரேட்டை (நிமிடத்துக்கு எத்தனை மூச்சு) குறைப்பதா, கூட்டுவதா? சீனியர் பிரசவ அறையில் இருக்கிறார். மானிட்டர் புதியது.

தாழம்பூ:
எடை? எத்தனை வாரம்? மூச்சுக்குழாய் ட்யூப் சைஸ்? சைடுஸ்ட்ரீமா (மெல்லிய லைனில் காற்றை உறிஞ்சி அளப்பது), மெயின்ஸ்ட்ரீமா (சர்க்யூட்டிலேயே அளப்பது)? ரத்தம் குதிகாலில் குத்தி எடுத்ததா?

குழாய்க்காரர்:
லைனில் தண்ணீர் கோத்திருக்கும். காற்றை ஈரமாக்கும் ஹ்யூமிடிஃபையர் ஓடும் இடத்தில் இது அன்றாடத் தொல்லை. வாட்டர் ட்ராப்பை (லைனில் தண்ணீர் சேரும் குப்பி) கழற்றிப் பாருங்கள். எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அதுதான்.

மூத்தவன்:
எண்ணைச் சொன்னீர்கள், மானிட்டரில் ஓடும் அலையைப் பற்றி மூச்சே இல்லை. மேடு கட்டுகிறதா, கூம்பாக எழுந்து விழுகிறதா? மேடு கட்டாவிட்டால் எண்ணை நம்ப முடியாது. இதையெல்லாம் முதல் வாரத்திலேயே கற்றுக்கொடுப்போம். நல்ல நுரையீரலில் இரண்டு எண்களுக்கும் வித்தியாசம் 2 முதல் 5 வரைதான். 29 என்றால் குழந்தையைச் சந்தேகிப்பதற்கு முன் குழாயைச் சந்தேகியுங்கள். ரத்தத்தின் பிஹெச் (அமிலத்தன்மையின் அளவு) எவ்வளவு? 7.25க்கு மேல் இருந்தால் 53 பலரும் பொறுத்துக்கொள்ளும் எண்தான்.

இரவுப்பணி:
1.1 கிலோ, 28 வாரம், ட்யூப் 2.5, சைடுஸ்ட்ரீம். தொப்புள் தமனி ரத்தம். பிஹெச் 7.27. அலை கூம்பு. ட்ராப்பில் தண்ணீர் இல்லை.

தாழம்பூ:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! இந்தக் குழந்தை ஒரு மூச்சுக்கு விடுவதே ஏறக்குறைய 5 மி.லி.தான். சாதாரண சைடுஸ்ட்ரீம் நிமிடத்துக்கு 150 மி.லி.யோ அதற்கு மேலோ உறிஞ்சும். மூச்சு முடியும் தறுவாயில் குழந்தையிடமிருந்து வருவது சொற்பம், மீதியைச் சர்க்யூட்டின் புதுக்காற்றிலிருந்து இழுத்துக் கலந்துவிடும். 50 மி.லி. உறிஞ்சும் மைக்ரோஸ்ட்ரீம் இருந்தால் நல்லது. மானிட்டர் 'பெரியவர்' நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். கஃப் (ட்யூபைச் சுற்றி ஊதி அடைக்கும் பை) இல்லாத ட்யூப்தானே? ட்யூபைச் சுற்றிக் காற்று கசியும் லீக்கும் எண்ணை இறக்கும். 24ஐ நம்பி ரேட்டைக் குறைத்துவிடாதீர்கள், 53 இன்னும் ஏறும்.

வெப்பமானி:
குறைமாதக் குழந்தைக்கு இந்தக் கருவியே வேண்டாம். தோல் வழியாகக் கார்பன் டை ஆக்சைடை அளக்கும், தோலில் ஒட்டும் மானியைப் போட்டால் இந்தக் குழப்பமே வராது.

குழாய்க்காரர்:
அது 42 டிகிரிக்கு மேல் சூடாகும். 28 வாரத் தோல் என்ன ஆகும்? சில மணி நேரத்துக்கு ஒருமுறை இடம் மாற்ற வேண்டும், ஒரு நர்ஸுக்கு எத்தனை குழந்தைகள் என்று தெரியுமா?

வெப்பமானி:
வெப்பத்தைக் குறைத்து வைக்கலாம்.

மூத்தவன்:
ட்யூப் மூச்சுக்குழாயில் இறங்கியதா, உணவுக்குழாயில் இறங்கியதா என்பதை உங்கள் தோல் மானி சொல்லுமா?

வெப்பமானி:
அதற்குத்தான் கார்பன் டை ஆக்சைடு பட்டால் ஊதாவிலிருந்து மஞ்சளாகும் கருவி இருக்கிறதே!

மூத்தவன்:
நுரையீரலுக்கு ரத்தம் போகாத குழந்தையில், ட்யூப் சரியாக இருந்தாலும் அது மஞ்சளாகாது. அதை நம்பி நல்ல ட்யூபை உருவியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இரவுப்பணி:
'பெரியவர்' நிலையில்தான் இருந்தது. மாற்றியதும் 41. லீக் 30 சதவீதம். ரேட்டைத் தொடவில்லை. சீனியர் வந்துவிட்டார், நன்றி.

தாழம்பூ:
நல்லது. அந்த லீக்கோடு 41ஐயும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அடுத்த ஏபிஜி வந்ததும் இங்கே போடுங்கள்.

குழாய்க்காரர்:
ட்ராப்பை உண்மையிலேயே கழற்றிப் பார்த்தீர்களா?